மூன்றாவது பாலம் தாண்டி இடதுபக்கம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாலாவது மாடி வீடு உங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன். இங்கே நாங்கள் சுகம்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது. "சர்க்கரை எட்டிப் பாக்குது, தினமும் கொஞ்சம் நடங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். இவர் ஓடுகிறார். படகுப் பட்டறையைத் திறக்கும் முன்னால் ஏரிக்கரையில் ஒரு சுற்று. ஐம்பத்து மூன்று வயதில் பச்சை நிற ஷூ வேறு. போன வாரம் ஊர் ஓட்டக் குழுவிலும் சேர்ந்துவிட்டார். இப்போது ஏரிக்கரை போதாதாம். கணவாயைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கப் பள்ளத்தாக்கு வழியாகச் சின்ன ஏரிவரை ஓட வேண்டுமாம். முன்பு நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுவீர்களே, அதே பாதை.

"குழுவில யாரையாவது கேளுங்களேன்" என்றேன். "சார் எழுதித் தரட்டும். சார் எழுதினா அதுல பிசகே இருக்காது" என்கிறார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகியும் உங்களை மச்சான் என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

போனில் கேட்கலாம்தான். ஆனால் பாலம் என்று சொன்னால் உங்கள் காதில் பழம் என்று விழும். அதனால் கடிதம்.

அண்ணியை மெதுவாகப் படியேறச் சொல்லுங்கள்.

உங்கள்,
பாப்பா


மார்ச் 14

அன்புள்ள பாப்பா,

கால் வலி என்னோடு சேர்ந்து வளர்ந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரலில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். அண்ணி ஒவ்வொரு மாடியிலும் நின்று, அந்த வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டுத்தான் ஏறுகிறாள். மூச்சு வாங்குவதற்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

மாப்பிள்ளை கேட்ட பாதையைத் தனித் தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். ஊரை விட்டு வந்து ஆறு வருஷமானாலும், கண்ணை மூடினால் ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. வழி எழுதுவது கணக்குப் போடுவது மாதிரி. ஒரு படி பிசகினால் விடை முழுக்கப் பிசகும். எழுதும்போது ஓரிடத்தில் இடது என்பதற்கு வலது என்று எழுதிவிட்டேன். அதைக் கிறுக்கி மறைக்கவில்லை. ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறேன். வகுப்பில் முப்பத்தைந்து வருஷம் சொன்னதுதான்: தப்பு என்னவென்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் சரி எதுவென்று மனதில் நிற்கும்.

அவர் என்னிடம் படித்தபோது அவருக்கு வகுப்பில் என்ன பெயர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? எழுத்துக்கூட்டி. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்துத்தான் படிப்பான். ஒருநாள், "நான் வர்ற வரைக்கும் இந்த வரியிலருந்து விரல எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். போன இடத்தில் பேச்சு நீண்டு மறந்துவிட்டேன். மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு திரும்பி வந்தால், பையன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், வரியில் விரலோடு. "எடுடா" என்று சொன்ன பிறகுதான் எடுத்தான்.

அந்தப் பையனுக்கு உன்னைக் கட்டிக்கொடுக்க அப்பா யோசித்தபோது நான் ஏன் சரி என்றேன் என்று இப்போது புரிகிறதா?

அண்ணன்

(தனித் தாள்)

படகுத்துறையில் தொடங்கி ஏரியின் மேற்குக் கரையோடு காற்றாலை வரை. அங்கிருந்து மேடு. ஓடாமல் நடக்க வேண்டும். கணவாயில் இரட்டைப் பாறை. பாறைக்கு ~~வலது~~ இடதுபக்கமாக இறங்கினால் பள்ளத்தாக்கு. பாதை ஓடையின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறி மாறிப் போகும். பாலங்களை எண்ணிக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது பாலம் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பினால் சின்ன ஏரி.

எச்சரிக்கை: நாலாவது பாலத்துக்குப் போய்விடக் கூடாது. அங்கேயும் இடதுபக்கம் ஒரு பாதை பிரியும். பார்க்க அச்சாக இதே மாதிரி இருக்கும். அது கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் போய் முடியும். வேலி கிடையாது.


ஏப்ரல் 4

சார், தப்பு, மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு தேவலையா? ஆபரேஷன் நல்லபடியா முடியணும். கால் சரியானதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஓடலாம். நீங்க முன்னால, நான் பின்னால. வகுப்புல எப்பவும் நான் பின்னாலதானே.

தாள் வந்துது. ஏழெட்டு தடவ படிச்சிட்டேன். விரல் வச்சுத்தான். உங்க தங்கச்சி சிரிக்கிறா. தண்ணி படாம இருக்க பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஒரு பென்சிலையும் நூல்ல கட்டியிருக்கேன். பாலம் தாண்டத் தாண்ட ஓரத்துல ஒரு டிக் போட்டுக்கலாம்ல. ஓடும்போது மூச்சுதான் ஞாபகம் இருக்கும், எண்ணிக்கை இருக்காது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் நான் போனதே கிடையாது, வெக்கமா இருக்கு. பால் வண்டிக்காரர்தான் அந்தப் பக்கத்து ஆள். அவரக் கேட்டேன். "போங்க, நல்ல பாதைதான். ஆனா பள்ளத்துல இறங்கினதும் மாவு ஆலைகிட்ட இருந்த மரப்பாலம் முந்தின வருஷ வெள்ளத்துல போயிருச்சு, முட்டி வரைக்கும் தண்ணியில இறங்கணும்"னார். அதனால ரெண்டு ஜோடி சாக்ஸ். ஒண்ணு நனையறதுக்கு, ஒண்ணு காலுக்கு. உங்க தங்கச்சி கேக்கறா, "ஏன், ரெண்டு ஜோடிக் காலும் எடுத்துட்டுப் போறதுதானே?"

20ஆம் தேதி ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். போயிட்டு வந்து எழுதறேன்.

இப்படிக்கு,
எழுத்துக்கூட்டி


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும்,

இங்கே எல்லாரும் நலம். 15ஆம் தேதி காலை ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் கடிதத்தை உரக்கப் படித்தேன். சாக்ஸ் வந்த இடத்தில் உங்கள் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டினேன். பாப்பா, அந்த மனிதரைக் கிண்டல் செய்யாதே. முன்யோசனை உள்ளவர்கள் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரிவார்கள். குடையை வெயிலில் எடுத்துப் போகிறவனை ஊர் சிரிக்கும், மழை வந்தால் அவன் குடைக்குள்தான் நுழையும்.

மாப்பிள்ளை, மேட்டில் நடங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கி இறங்குங்கள். சின்ன ஏரியின் தண்ணீர் காலையில் பச்சையாக இருக்கும், வெயில் ஏற ஏற நீலமாகும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

அண்ணன்


மே 6

அண்ணனுக்கு,

கால் எப்படி இருக்கிறது? தையல் பிரித்தார்களா? நீங்கள் வர முடியவில்லையே என்று யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆபரேஷன் ஆகி ஒரு வாரத்தில் எப்படி வர முடியும்? அண்ணி வந்து பத்து நாள் கூட இருந்ததே பெரிது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவரிடம் சொல்லுங்கள்.

அண்ணி உங்களுக்கு எல்லாம் சொல்லியிருப்பார். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். இங்கே வெளிச்சமாக இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் பனி மூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் ஆடு மேய்ப்பவர் ஒருவர் குவாரிக்குள் அந்தப் பச்சை ஷூவைப் பார்த்திருக்கிறார்.

காலில் காய்ந்த சாக்ஸ் இருந்தது. நனைந்ததைப் பிழிந்து, மடித்து, பையின் பக்கவாட்டில் வைத்திருந்தார். பையில் இருந்ததை எல்லாம் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டில், பாதி ரொட்டி, வீட்டுச் சாவி.

பட்டறையில் ஒரு படகு பாதி ஒட்டுப் போட்டபடி கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பாப்பா


மே 17

என் அன்பு பாப்பா,

நீ சாப்பிடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நான் ஊன்றுகோலோடு ஜன்னல் வரை நடக்கிறேன். அதற்கு மேல் இப்போது எங்கே போக வேண்டியிருக்கிறது?

உனக்கு ஆறுதல் சொல்ல மூன்று நாள் உட்கார்ந்தேன். அறுபத்தாறு வயது வரை எல்லாவற்றுக்கும் ஓர் உதாரணம் சொல்லி வந்தவன் நான். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் மனதைக் குடைகிறது. நாலாவது பாலத்தில் திரும்பக் கூடாது என்று தனியாக எச்சரிக்கை எழுதியிருந்தேனே. டிக் போட்டுக்கொண்டே போவேன் என்று அவனும் எழுதினான். மூச்சிரைப்பில் ஒரு பாலத்துக்கு டிக் போட மறந்திருப்பான். நாலை மூன்று என்று நினைத்திருப்பான். படிப்பில் எழுத்து பிசகாதவன், எண்ணிக்கையில் கோட்டை விட்டுவிட்டான், பாவி. துக்கம் கேட்க வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். சொல்லச் சொல்ல ஆற்றாமைதான் வருகிறது. இவ்வளவு தெளிவாக எழுதியும்.

அந்தத் தாள் அவனிடம் இருந்ததா? நீ அதைப் பற்றி எழுதவில்லை.

அண்ணன்


ஜூன் 29

அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உங்கள் கால் தரையில் ஊன்றுகிறதா? அண்ணியின் மூச்சு எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பட்டறையைக் காலி செய்யவில்லை. தினமும் போய்த் திறந்து வைக்கிறேன். அந்தப் பாதிப் படகை அவருடைய கூட்டாளி முடித்துக் கொடுத்தார். சுத்தியலும் உளியும் அவர் வைத்த வரிசையிலேயே ஆணியில் தொங்குகின்றன. எதற்குப் பக்கத்தில் எது என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நான் ஒன்றை மாற்றித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கை தானாகவே பழைய இடத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரத்தில் எவ்வளவோ போயிருக்கும் அண்ணா. விட்டுவிடுங்கள்.

அவர் எண்ணத் தெரியாதவர் இல்லை. எண்ணத் தவறினார் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பாப்பா


ஜூலை 12

அன்புள்ள பாப்பா,

ஊன்றுகோலை விட்டுவிட்டேன். அண்ணிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், தேவலை. நீ பட்டறையைத் திறந்து வைப்பது நல்லது. பூட்டிய கதவு சீக்கிரம் துருப்பிடிக்கும், மனுஷரும் அப்படித்தான்.

ஓட்டக் குழுச் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். அவரும் என் பழைய மாணவர்தான். நாலாவது பாலத்தில் நினைவுப் பலகை வைக்கப் போகிறார்களாம், வாசகம் நான் எழுதித் தர வேண்டுமாம். இப்படி எழுதியிருக்கிறேன்:

"பாலங்களின் எண்ணிக்கை தவறியதால் இங்கே உயிரிழந்த நம் ஓட்டக்காரரின் நினைவாக. கவனமாக எண்ணுங்கள்."

உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். கரும்பலகையில் ஒரு பையன் போட்ட தப்புக் கணக்கை நான் உடனே அழிக்க மாட்டேன். அதைப் பார்த்து நாற்பது பேர் அந்தத் தப்பைச் செய்யாமல் இருப்பார்கள். மாப்பிள்ளையின் ஒரு தவறு நூறு பேரைக் காப்பாற்றினால் அவருக்கு அது பெருமைதானே?

உன் சம்மதம் வந்ததும் செயலாளருக்கு அனுப்பிவிடுவேன். அக்டோபர் கடைசியில் நடப் போகிறார்கள்.

அண்ணன்


ஜூலை 24

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

அந்த வாசகம் வேண்டாம். எண்ணிக்கை தவறியது என்ற வரியோடு பலகை வந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

பாப்பா


செப்டம்பர் 27

என் பாப்பா,

நீ நலமா என்று கேட்கும் தைரியம் இன்று எனக்கு இல்லை.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதலில் கோபத்தோடு பதில் எழுத உட்கார்ந்தேன். பிறகு, உனக்குப் பிடிக்காத வரிக்குப் பதிலாக அவன் எழுத்திலிருந்தே ஒரு வரியைப் பலகைக்கு எடுக்கலாம் என்று தோன்றியது. அவன் கடைசிக் கடிதம் மேசையிலேயே இருந்தது. பிரிக்க மனம் வராமல் செப்டம்பர் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

சாக்ஸ் வந்த இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, ஒரு பாலந்தான் வெள்ளத்துல போயிருச்சுங்கறாரே. அப்ப மூணாவது பாலம் எது?"

"படி, படி" என்றேன்.

"இல்லங்க. முதல் பாலம் இல்லன்னா, நீங்க எழுதின மூணாவது, போறவங்களுக்கு ரெண்டாவதுதானே?"

நான் விரலை மடக்கி எண்ணினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் நிற்கிற பாலங்களில் மூன்றாவது, என் நாலாவது.

அவன் தவறவில்லை பாப்பா. பனியில், மூச்சிரைக்க, நான் எழுதியபடியே எண்ணியிருக்கிறான். நான்தான் ஆறு வருஷத்துக்கு முந்திய பாலங்களை எழுதியிருக்கிறேன்.

இதுகூட அறியாமை என்று போகட்டும். பாலம் போய்விட்டது என்று அவனே எனக்கு எழுதினான். அந்த வரியை ஏப்ரல் 9ஆம் தேதி இரண்டு முறை உரக்கப் படித்துச் சிரித்தேன். அவன் கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருந்தது. கடிதம் போய்ச் சேர நாலு நாள் போதும். ஒரு நாளைக்கு அறுபது நோட்டுத் திருத்தியவன், ஒரு கொம்பு, ஒரு கால் விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பவன், அந்த ஒரு வரியில் சாக்ஸை மட்டும் பார்த்தேன்.

நீ கேட்காதீர்கள் என்று சொன்னது இதுதானா? உனக்கு எப்போது தெரியும்?

அண்ணன்


அக்டோபர் 10

அண்ணனுக்கு,

அண்ணியும் நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எனக்கு ஜூனிலேயே தெரியும். தாள் என்னிடம்தான் இருந்தது. பாட்டில், ரொட்டி, சாவி என்று எழுதிய கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டேன். கவருக்குள் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. ஓரத்தில் மூன்று டிக். எண்ணத் தவறிவிட்டான் என்று நீங்கள் எழுதிய பிறகு தாளை எடுத்துக்கொண்டு நானே அந்தப் பக்கம் போனேன். பால் வண்டிக்காரர் கூட வந்தார். ஆலை அருகே தண்ணீரில் இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றாவதில் நின்றபோது, இடதுபக்கம் பாதை நீங்கள் எழுதியபடியே பிரிந்தது. "அதுல போகாதீங்கம்மா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஜூன் கடிதத்தை எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். அவர் பேரைக் காப்பாற்ற நினைத்தால் உங்களைக் குத்த வேண்டும். உங்களைக் காப்பாற்ற நினைத்தால் அவர் எண்ணத் தெரியாதவராகப் போக வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு பேரை இழக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பேசாமல் இருந்தேன்.

ஆனால் பாலத்தைப் பற்றி அவர் உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நாள் ஆகும். எத்தனை நாள் என்று எனக்கே தெரியவில்லை.

தாளை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். நீங்களே திருத்தி அனுப்புங்கள்.

பாப்பா


அக்டோபர் 19

என் பாப்பா,

நாங்கள் சாப்பிடுகிறோம். நீயும் சாப்பிடு.

தாள் வந்தது. மூன்று டிக்கையும் பார்த்தேன். முதல் இரண்டும் ஓட்டத்தில் போட்டவை, கோணலாக இருக்கின்றன. மூன்றாவது நேராக, அழுத்தமாக இருக்கிறது. நின்று, தாளை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறான்.

சிவப்புப் பேனாவை எடுக்க முதலில் கை வரவில்லை. பிறகு எடுத்தேன். 'மூன்றாவது' என்ற சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு. கிறுக்கவில்லை, மறைக்கவில்லை. பக்கத்தில், "பாலத்தை எண்ண வேண்டாம், பெயரைப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறேன். ஆலை அருகே மறுபடி பாலம் கட்டினால் எண்ணிக்கை மறுபடி மாறும். அதனால் ஒவ்வொரு பாலத்திலும் பெயர் எழுதி வைக்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். அவன் போட்ட மூன்று டிக்குக்கும் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாளை நீயே வைத்துக்கொள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். பதினான்கு பேர். அவர்களிடம் என்ன சொன்னேன், எது உண்மை என்று எழுதினேன். பலகைக்கு இந்த வாசகத்தை அனுப்பியிருக்கிறேன்:

"இவர் சரியாக எண்ணினார். வழி எழுதியவர் தவறாக எழுதினார்."

கீழே என் கையெழுத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மருத்துவர் ரயிலில் போகலாம் என்கிறார். பலகை நடும் அன்று வருகிறேன். உன் வீட்டுக்கு வர வேண்டுமா, பாலத்தோடு திரும்ப வேண்டுமா என்று நீ சொல். எதுவானாலும் சரி.

அன்று அந்தப் பையன் யாரும் இல்லாத வகுப்பில் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமானாலும் சார் வந்து சொல்வார் என்று அவனுக்கு நம்பிக்கை. அன்று தாமதமாகவாவது போனேன். இந்த முறை பதினொரு நாள் காத்திருந்தான் பாப்பா. நான் போகவில்லை.

அண்ணன்